கோடு வரை எண்ணெய்

1997 டிசம்பர் 22

ஆடுகளில் வெள்ளச்சி நன்றாகக் கறந்தது. மாளுவுக்கு இது முதல் ஈத்து, இன்னும் உதைக்கிறது.

சோப்பு போட்டேன். ஆட்டுப்பால் பாதி ஐஸாக உறைந்திருந்தால்தான் காஸ்டிக் சோடா விழும்போது கருகாது. இந்த முறை கருகவில்லை. எண்ணெய் கேனில் போன தடவை போட்ட பென்சில் கோட்டைப் பார்த்தேன்; அளவு சரியாக இருந்தது. எடுத்த பிறகு புதுக் கோடு போட்டேன். தேங்காய் எண்ணெய் வழக்கத்தைவிட மஞ்சளோ? மில்லில் கொப்பரையை அதிகம் காயவிட்டிருப்பார்கள். அல்லது என் கண்.

டிசம்பர் 25

ஆராதனைக்குப் போய் வந்தோம். மனைவி எலிசாள் போன வாரமே பொரித்து வைத்த முந்திரிக்கொத்து நன்றாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். நான் நான்கு தின்றேன். ஒன்றிரண்டு குறைத்திருக்கலாம்.

1998 ஜனவரி 2

பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி ஆபீசுக்குப் போகும் வழியில் வந்தாள். அவள் அம்மா மாடம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது, வறண்ட தோல். நம் சோப்பு ஒன்றுதான் ஒத்துக்கொள்கிறது.

"சாரே, அம்மைக்குத் தேய்க்க ஒரு துண்டும் இல்ல. கடை சோப்பு போட்டா ராத்திரி முழுக்க சொறிஞ்சிட்டு இருக்கா."

நான்கு வாரம் அலமாரியில் காயாமல் சோப்பைத் தரக்கூடாது. சொன்னேன். சொன்னேன் என்றால், முனகினேன்.

"சாரமில்ல சாரே, பரவால்ல, இருக்கறத தாங்க."

தந்துவிட்டேன். உள்ளேயிருந்து எலிசாள், "முடியாதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வராதே" என்றாள்.

ஜனவரி 5

மாடம்மாளுக்குக் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்நீர் பட்டதுபோல் சிவந்துவிட்டன. டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்து, என்ன சோப்பு என்று கேட்டாராம். செண்பகவல்லி மதிலுக்கு அப்பாலிருந்து இதைச் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேனா?

ஜனவரி 6

அவர்கள் கேட் வரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஜனவரி 7

இன்று உள்ளே போனேன். காயாத சோப்பைத் தந்தது என் தவறு என்று சொன்னேன். மாடம்மாள் நாற்காலியில் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். களிம்பு மினுங்கியது.

"எம்பது வயசுத் தோலு சாரே. இதை உரிச்சு என்ன, செருப்பு தைக்கவா?"

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதிக் கட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 19

நான்கு வாரம் முடிந்தது. ஒரு கட்டியை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த சோப்பு வெறும் சோப்பாகத்தான் ருசிக்க வேண்டும். இது டார்ச் பேட்டரியை நக்கியதுபோல் சுரீரென்று கடித்தது.

அப்படியானால் அவசரம் மட்டும் காரணம் இல்லை. காஸ்டிக் சோடாவின் காரம் கூடிப்போயிருக்கிறது. எடை போட்டதில் பிழையா? கணக்கைத் திரும்பப் போட்டேன். சரியாகத்தான் வருகிறது. மறுபடி போட்டேன்.

ஜனவரி 21

தராசைத் துணியில் சுற்றி ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போனேன். நெல்லையப்பன் கடையில்தான் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்குவது. அவர் தம் படிக்கல்லை வைத்துப் பார்த்தார்.

"தராசு சுத்தம் சார்."

"அப்போ என் கைதான் சரியில்லையோ?"

"கையும் சரிதான். உங்களுக்குச் சந்தேகம்தான் தராசுக்குள்ள நிக்காது" என்று தேநீர் வரவழைத்தார்.

தராசு சரி. கணக்கு சரி. மிச்சம் நான். பள்ளியில் ஆயுள் முழுக்க ரசாயனம் நடத்தியவன். எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறேன், அல்லது இரண்டு தடவை போட்டிருக்கிறேன், அது நினைவில் இல்லை. இனி யார் தோலிலும் சோதிக்க வேண்டாம்.

ஜனவரி 22

சோப்பை நிறுத்திவிட்டேன். பால் இவ்வளவு எதற்கு? இரண்டு பேர் குடிக்க ஒரு பாக்கெட் போதும். ஆடுகளைக் கொடுத்துவிடலாம் என்று எலிசாளிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். வழக்கமாகப் பேசுகிறவள்.

ஜனவரி 25

ஆராதனை விட்டு வந்ததும் ஆட்டு வியாபாரி மைதீன் வந்தார். மாளுவின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். வெள்ளச்சியின் மடியைத் தடவினார்.

"நல்ல கறவையாக்கும். என்னத்துக்கு சாரே குடுக்குதிய?"

"எனக்கு இப்போ நிதானம் போதலை" என்றேன்.

அவர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அடுக்களை வாசலில் எலிசாள்.

"மைதீனே, கயித்த விடும்."

பிறகு என்னைப் பார்க்காமல், ஆட்டைப் பார்த்துப் பேசினாள். "முந்திரிக்கொத்து பொரிக்க அந்த கேன்ல இருந்துதான் எண்ணெய் எடுத்தேன். பாதிக்கு மேல எடுத்துட்டேன். கோட்டுக்குக் கீழ எறங்கிச்சுன்னா நீங்க ஒறங்க மாட்டிய. அதான் ரேஷன் பாமாயில கோடு வரைக்கும் ஊத்தி வச்சேன். எல்லாம் எண்ணெய்தானேன்னு நெனச்சேன்."

மைதீன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இது ஆட்டுக் காரியம் இல்ல. நான் பின்ன வாறேன்."

ஜனவரி 26

தேங்காய் எண்ணெய் அதிகக் காரத்தை உறிஞ்சும். பாமாயில் அவ்வளவு உறிஞ்சாது. தேங்காய் எண்ணெய்க்கென்று நிறுத்துப் போட்டதில் மிஞ்சியது அப்படியே சோப்பில் நின்றுவிட்டது. பத்தாம் வகுப்புப் பையனும் சொல்வான். கோடு சரியாக இருந்தது, அதனால் கோட்டுக்குள் இருப்பது என்ன என்று நான் பார்க்கவில்லை. மஞ்சளாக இருந்ததைப் பார்த்தும் பார்க்கவில்லை.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முதல்ல எனக்கே தெரியாது. நீங்க தராசத் தூக்கிட்டுப் போன அன்னைக்குத்தான் மண்டையில ஏறிச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு —"

"நான் ஏசியிருப்பேனா?"

"ஏச மாட்டிய. பேசாம இருப்பிய. அதுக்கு ஏசலாம்."

நான் இவளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அதை என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செண்பகவல்லியிடம் நான் ஏற்கெனவே என் தவறு என்று சொல்லியாயிற்று, அது அப்படியே இருக்கட்டும் என்றேன். எலிசாள் தலையை ஆட்டினாள். சம்மதமா மறுப்பா, தெரியவில்லை.

ஜனவரி 27

மறுப்புதான். கொட்டிலில் பலா இலை கட்டிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் எலிசாளின் குரல். முழுவதையும் மாடம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவியள் தப்பு இல்ல அக்கா, எனக்க தப்பு ஆக்கும்."

பிறகு மாடம்மாள்: "அப்போ அந்தக் கொத்தையும் நான்தான் தின்னேன், சோப்பையும் நான்தான் தேச்சேன். ஒரே எண்ணெயில எனக்கு மட்டும் ரெண்டு விருந்து."

இருவரும் சிரித்தார்கள். நான் இலையை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். மாளு கட்டை அவிழ்த்துத் தின்றுவிட்டது.

ஜனவரி 29

பழைய சோப்பு முழுவதும் தரை கழுவ. நெல்லையப்பன் கடையிலிருந்து புது எண்ணெய். சோப்பு போட்டேன், எலிசாள் கலக்கினாள். கை வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். ஆனால் கரண்டியைத் தரவில்லை.

பிப்ரவரி 27

நாக்கில் தொட்டேன். கடிக்கவில்லை. எலிசாளும் தொட்டுப் பார்த்து, "சீ" என்றாள். இரண்டு கட்டிகளைத் தாளில் சுற்றி மாடம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுத்துச் சிவப்பு போய்விட்டது. முகர்ந்து பார்த்தாள். "இதுல என்ன பொரிச்சிய?" என்றாள்.

மார்ச் 1

மைதீன் வந்தார், சொன்னபடி. வெள்ளச்சியையும் மாளுவையும் பார்த்துக்கொண்டே சாயா குடித்தார். கொடுப்பதாக இல்லை என்று முனகினேன்.

"கேக்கல சாரே."

இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் டம்ளரைத் தந்துவிட்டுப் போனார்.

மாளுவுக்குக் கழுத்துக் கயிறு இறுகுகிறது. நாளை புதிது வாங்க வேண்டும்.