சத்தம் அடங்கிய எஞ்சின் அறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்க்கு மட்டும் என்றைக்கும் வலி வந்ததில்லை, உனக்குத்தான் தெரியுமே. போன தடவை போனில் நீ இருமியதை இன்னும் விடவில்லை, வெந்நீர் குடிக்கச் சொல்கிறாள்.

உங்கள் கம்பெனி அனுப்பிய ரப்பர் மவுண்டுகளை எங்கள் பயணிகள் படகில் எஞ்சினுக்கு அடியில் மாட்டியாகிவிட்டது. இதுவரை எஞ்சினை இரும்பின்மேல் நேராக முடுக்கி வைத்திருந்தோமா, அது உதறினால் படகே உதறும், மேலே உட்கார்ந்திருப்பவர்களின் பல்லும் சேர்ந்து உதறும். மாட்டிய பிறகும் முதலில் ஒரு மாற்றமும் இல்லை, மகள் பேர் கெட்டுவிடுமோ என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நீதான் போனில், புகைக்குழாயை இன்னும் சுவரோடு இறுக்கியா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாய். ஆமாம், முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்ட கதைதான். அங்கேயும் வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டைப் போட்டதும் அதிர்வு அடங்கியது, ஜன்னல் கண்ணாடிகளின் கடகடப்பும் நின்றது. வேகமாக ஓடும்போது காதுக்கு மூடி இப்போதும் வேண்டும்தான், ஆனால் கரையில் நிறுத்தி மெதுவாக ஓடவிட்டால் கீழே எஞ்சின் அறையில் நின்று பேசிக்கொள்ளலாம்.

அதில்தான் வந்தது வினை. என் கூட்டாளியை நீ கை மாமா என்று கூப்பிடுவாயே, நானும் அவரும் கீழே கை ஜாடையிலேயே காலம் தள்ளினவர்கள். கரைக்கு வந்தாலும் அவர் ஒரு தலையாட்டலோடு போய்விடுவார், அழுத்தக்காரர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சத்தம் அடங்கியதும் நான் சும்மா இருப்பேனா, தொணதொணவென்று கேள்வி கேட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். ஒரே வாரத்தில் அவர் பழைய படகுக்கு மாற்றல் கேட்டுவிட்டார் என்று சூப்பர்வைசர் சொன்னார். அந்தப் படகில் காது கிழியும். நான் என்ன தப்பாகப் பேசிவிட்டேன் என்று போய் அவர் முன்னால் நின்றேன். அவர் பேச வாயெடுத்தார், முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. அவருக்குத் திக்குவாய், கண்ணு. மீதியைக் கை ஜாடையில் சொன்னார், பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி போதுமென்று, யாரும் யாரோடும் பேச முடியாத இடமாகப் பார்த்து வேலைக்கு வந்திருக்கிறார். பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை பார். அழுகை வந்தது, அழுதேன். கையாலோ வாயாலோ எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள், என்னை விட்டுப் போகாதீர்கள் என்றேன். மறுநாள் காலையில் எந்தப் படகுக்குப் போவாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன், நம் படகில்தான் ஏறிக் கீழே இறங்கினார்.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறக்காமல் எழுத வேண்டும். நேற்று ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது கை மாமா தானாகவே வாய் திறந்தார். வார்த்தையை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டு நின்றேன். மேலே புறப்படச் சொல்லி மணி அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரப்பர் ரொம்ப நல்லா இருக்கு, பாப்பாவுக்கு எழுதுங்க என்று முழுதாகச் சொல்லி முடித்தார்.

என்றும் உன்னை நினைத்தபடி,
அப்பா