மிதிக்க வேண்டிய பெட்டிக்கு மாலை

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை காதருக்கு,

நீ பாட்டுக்கு நிம்மதியாகப் படுத்திருப்பாய். எனக்குத்தான் இங்கே ரத்தம் கொதிக்கிறது. யாரிடம் கொட்டுவது என்று தெரியவில்லை, உன்னிடமே கொட்டிவிடுகிறேன். உன் பெட்டிக்கு மாலை போட்டுவிட்டார்கள், மாப்ள.

ஆமாம், அதே பெட்டிதான். பூட்டுப் பட்டறையில் தகடு வளைத்து வாங்கி, பழைய ரேடியோக்களிலிருந்து பிடுங்கிய சாமான்களை உள்ளே வைத்து நீயே செய்த ஓவர்டிரைவ் பெடல். ஒரு மிதி மிதித்தால் கிடார் தொண்டை கட்டியவன் போலக் கதறுமே, அது. இப்போது அதை ஒரு ஸ்டூலில் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறார்கள். ஒயர் கிடையாது. மேடை ஓரத்தில் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது.

எப்படி இந்தக் கதி வந்தது என்று கேட்கிறாயா? உன்னைக் காமாலைக்குக் கொடுத்து வருஷம் திரும்பியதும், நம் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் தனபால் அண்ணன் உனக்கு ஒரு நினைவுக் கச்சேரி வைக்க நினைத்தார். நல்ல எண்ணம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். மேடையில் வைத்து மாலை போட உன் படம் கேட்டு உன் அக்கா வீட்டுக்குப் போனோம்.

"எங்க வீட்ல படத்துக்கு மாலையெல்லாம் போடுறதில்ல தம்பி. அவனுக்காக துஆ செய்யுங்க, அது போதும்" என்றார் அக்கா. அப்புறம் உள்ளே போய் உன் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இது உங்களோட சுத்துன சாமான். இங்க கெடந்து துருப்புடிக்குது, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அண்ணன் அதை மாட்டிப் பார்த்தார். ஒயர் சொருகுகிற ஜாக் லூசாகியிருந்தது. அதை மட்டும் சரிசெய்யச் சொல்லியிருந்தால் என்ன? ரேடியோ மெக்கானிக் பாண்டியிடம் பெட்டியை நீட்டி, "கரகரங்குதுப்பா, என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கரகரங்குது! ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போய்ச் சொல்கிற வார்த்தையா அது? நீ சோறு தண்ணி மறந்து தேடிக் கண்டுபிடித்ததே அந்தக் கரகரப்பைத்தானே.

செம்பட்டிக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நீ முதன்முதலாக அதை மிதித்ததும், "ஐயோ, ஹாரன் கிழிஞ்சுபோச்சு" என்று கத்திக்கொண்டே மைக்செட்காரர் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டார். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அதை நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

பெட்டி திரும்பி வந்ததும், நினைவுக் கச்சேரிக்கு எந்தப் பெடலை வைத்து வாசிப்பது என்று ஒரு போட்டியே நடந்தது. நம் ரிகர்சல் மாடியில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரே கிடார், ஒரே ஆம்ப். உன் இடத்துக்கு வந்திருக்கும் சேகர்தான் வாசித்தான். நல்ல பையன், விரல் ஓடுகிறது. அவனுடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பெட்டி ஒன்று. மதுரையிலிருந்து இரவல் வாங்கிய மஞ்சள் பெட்டி ஒன்று. மூன்றாவது உன்னுடையது.

நியாயமாகச் சொல்கிறேன், பச்சை மோசமில்லை. டிரம்பெட், தபேலா எல்லாவற்றையும் தாண்டி வெளியே கேட்கிறது. ஆனால் மூக்கால் பாடுகிற குரல் அதற்கு. கீழ்த் தந்திக்குப் போனால் மெலிந்துபோகிறது. மஞ்சள் எடுத்த எடுப்பிலேயே காட்டுக் கத்தல். ஒற்றை நோட்டை இழுத்துப் பிடித்தால் நன்றாக நிற்கிறது, எல்லாத் தந்தியையும் சேர்த்து ஒரு கார்டு அடித்தால் எல்லாம் கலந்து கூழாகிவிடுகிறது. மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் பேசுகின்றன. உன் பெட்டி அப்படியா? மெல்ல வருடினால் சுத்தமாகப் பேசும், அழுத்தினால் மட்டும் குரல் உடையும். அதைத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

சேகர் மிதித்தான். ஒன்றுமே இல்லை, மாப்ள. சத்தம் கூடியது, அவ்வளவுதான். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று ஒரு கிடார்.

"இம்புட்டுதானா? இதுக்கா அவன் அம்புட்டுப் பெருமை பேசுனான்?" என்றார் தபேலா மாணிக்கம். எல்லோரும் சிரித்தார்கள். உன்னோடு ஒரே இலையில் சாப்பிட்டவர்கள்!

"இது அவன் சத்தமே இல்லண்ணே" என்று கத்தினேன். பேஸ் கிடார் வாசித்துக்கொண்டு உன் பக்கத்திலேயே நின்றவன் நான். என் காதை யாரும் நம்பவில்லை.

"விடப்பா, வாசிக்கப் பச்சை இருக்கு. படந்தான் இல்லைன்னு ஆச்சு, காதர் ஞாபகமா இதுக்கு மாலையைப் போட்டுருவோம்" என்று முடித்துவிட்டார் அண்ணன். அன்றைக்கு ஏறிய மாலைதான். அதிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் அதற்குப் பூஜை நடக்கிறது.

ஊருக்குப் போயிருந்த பாண்டி திரும்பியதும் கடையில் போய்ப் பிடித்தேன். "உள்ள மூணு டையோடு தப்பா மாட்டியிருந்துச்சுண்ணே. ரெண்டு ஒரு பக்கம், ஒண்ணு தலைகீழா, எல்லாம் கிரவுண்டுக்குப் போகுது. சிக்னலைக் கடிச்சுத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. கழட்டி எறிஞ்சுட்டேன். இப்ப சுத்தமா கேக்குதுல்ல? காதர் அண்ணனுக்கு என்னால முடிஞ்ச மரியாதை" என்றான். முகத்தில் அத்தனை பெருமை. அந்த முகத்தைப் பார்த்து எப்படி அடிப்பது? உன் குரல்வளையை அறுத்துவிட்டு மரியாதை என்கிறான்.

நல்லவேளை, எறிந்தது கழிவுச் சாமான் கிண்ணத்தில்தான். பக்கத்திலேயே நின்று, கழற்றியபடியே திரும்ப மாட்ட வைத்தேன். "தெரிஞ்சே தப்பாப் போடச் சொல்றீங்க" என்று முனகிக்கொண்டே பற்றவைத்தான். ஏன் மாப்ள, அந்தத் தப்புதான் சத்தமே என்று நீ ஒருத்தரிடமாவது சொல்லிவைத்திருக்கக் கூடாதா? கேட்டபோதெல்லாம் மூடியைப் போட்டுவிட்டுச் சிரிப்பாய். என் கோபத்தில் பாதி உன் மேல்தான்.

மறுபடி மாடிக்குக் கொண்டுபோனேன். சேகர் மெல்ல ஆரம்பித்து, கடைசியில் ஓங்கி அடித்தான். குரல் உடைந்தது! மாணிக்கம் குனிந்துகொண்டார். அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழக்கு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

சேகர் பெட்டியைத் தூக்கி, துடைத்து, பழையபடி ஸ்டூலிலேயே வைத்தான்.

"ஏண்டா?"

"எறந்தவரு சாமான்ணே. பொட்டும் பூவும் வச்சுக் கும்பிட்டாச்சு. இங்க மிதிச்சுப் பாத்ததோட சரி. மேடையில, அம்புட்டுப் பேரு முன்னால, அதைப் போயி காலால மிதிக்க எனக்கு மனசு வரல."

"அவன் சொல்றதும் சரிதானப்பா. பாக்குற சனம் என்ன சொல்லும்?" என்றார் அண்ணன்.

எனக்கு வந்ததே ஆத்திரம். நீ செருப்புக் காலோடு ஏறி மிதிப்பாயே, மேடைப் பலகை அதிருமே! மிதிக்காவிட்டால் அது வெறும் தகரம்தானே? நீ இருந்தபோது ஒரு பேட்டரி வாங்கித் தராதவர்கள் இப்போது அதற்கு முழம் முழமாகப் பூ வாங்குகிறார்கள். உன் சத்தம் வேண்டாம், உன் ஞாபகம் மட்டும் போதும் இவர்களுக்கு. எனக்கு அது போதாது, மாப்ள. எனக்கு உன் சத்தமே கேட்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை வடமதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு. சேகரிடம் மட்டும் பேசி வைத்திருக்கிறேன். "நீ வாசி. மிதிக்க வேண்டிய எடத்துல நான் மிதிக்கிறேன். பாவமா இருந்தா அது என்னோட போகட்டும்" என்றேன். சரியென்று தலையாட்டினான். பூவை நானே பிய்த்து எறிவேன். பொட்டை அழிப்பேன். ஒயரை மாட்டித் தரையில் வைப்பேன். அண்ணன் முறைக்கட்டும், சபை முழுக்கப் பார்க்கட்டும், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட மாட்டேன். பாட்டில் நீ மிதிக்கிற இடம் வரும்போது என் மொத்த கனத்தையும் போட்டு மிதிப்பேன். இது உன் மேல் சத்தியம்.

உன் மச்சான்,
செல்வம்