ஒரு மாத்திரைக்கு ஒரு ஜெபம்

அம்மா,

காலை ஜெபம் முடிந்து நீ வரும்போது நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் இருப்பேன். நெத்திலிக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது; சோற்றைக் குறைத்துக்கொள்.

நான்கு மணிக்குப் பாஸ்டர் வருவார். சர்க்கரை மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் என்று மறுபடியும் சொன்னால், அவர் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிப்பது ஏன் என்று கேள். நீ கேட்கமாட்டாய்.

"புக்கு படிச்சி படிச்சி தேவன் கைலயே தப்பு கண்டுபுடிக்கிற, இன்னா பொண்ணுடி நீ" என்றாய் நேற்று. அதற்காக மாத்திரை அட்டையை உன் முன் வீசி எறிந்தது என் தவறு. சபையை விட்டு இரண்டு வருடமாகியும் தட்டின் முன் உட்கார்ந்தால் என் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. யாரிடம் பேசுவதென்று தெரியாத அந்தச் சில நொடிகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன.

அட்டை அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. பாஸ்டர் அங்கே பார்க்கமாட்டார்.

பியூலா

விட்டுப்போனது: மாத்திரையைப் போட்டுக்கொண்டால், மாலை ஜெபத்தில் உன் பக்கத்தில் முழங்காலிடுகிறேன். விசுவாசம் திரும்பிவிட்டதென்று சபையில் சாட்சி சொல்லிவிடாதே. கால்விரல் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உன் கால் எனக்கு வேண்டும்.