நான்காக மடித்த சீட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமா என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஒழுகும் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பிச் சுவரையெல்லாம் நனைத்து வைத்திருக்கிறார், அது கிடக்கட்டும். போன வாரம் உன் மனைவியை ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே கூட்டிப்போனேன். ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறது. டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் மட்டும்தான் சொன்னார், அவளே வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கே முதல் ஊசி போட்டாயிற்று, இன்னும் இரண்டு இருக்கிறது, தவறாமல் போட்டால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்.

நேற்று மழைக்கு நீ விட்டுப்போன கோட்டை எடுத்தேன். உள்பையில் நான்காக மடித்த சீட்டு, உன் பெயரில், இதே நோய்க்கு. நீ லீவில் வருவதற்குப் பத்து நாள் முந்தைய தேதி. மூன்று ஊசியில் ஒன்றுதான் போட்டிருக்கிறாய், மற்ற இரண்டு கட்டமும் காலி. மனைவிக்கும் பரிசோதனை வேண்டும், இருவரும் குணமாகும்வரை சேரக்கூடாது என்று கீழே அச்சடித்திருக்கிறது. இருபது வருடமாக அதே மாதிரிச் சீட்டை எழுதிக் கொடுப்பவளடா நான். வாங்கிப்போய் ஒளித்து வைப்பவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கடைசியில் அவன் என் வயிற்றிலேயே பிறந்திருக்கிறான். நோய் வந்ததற்கு நான் திட்டவில்லை, அது யாருக்கும் வரும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அவளோடு இருந்துவிட்டுப் போனாயே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், வீட்டில் உன் கிளினிக் வேலையைப் பற்றிப் பேசாதே அம்மா என்று பத்தாவது படிக்கும்போது சொன்னாய், நானும் பேசவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிட்டது, அந்தக் கோபம் என்மேல்.

கடிதம் கிடைத்த அன்றே போய் வைத்தியத்தை முதலிலிருந்து தொடங்கு. அங்கே யாரோடு இருந்தாயோ அவர்களுக்கும் சொல், நீ வெட்கப்பட்டால் அது இன்னும் நாலு வீட்டுக்குப் போகும். உன் மனைவிக்கு நீயே போன் செய்து சொல். நானாகச் சொல்ல மாட்டேன், அவள் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்.

உடம்பு தேறி, புத்தி தெளிந்து நன்றாக இரு. இதோடு இரண்டு சீட்டு வைத்திருக்கிறேன், மறக்காமல் பார். ஒன்று உன் கோட்டில் இருந்தது. இன்னொன்று, கணவனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி, உன்னிடம் சேர்க்கச் சொல்லி டாக்டரம்மா அவளிடம் கொடுத்தது. முன்பு ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்தால் வந்திருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, என்னால அவருக்கும் வந்திருக்குமோன்னு பயமா இருக்கு அத்தை, சீக்கிரம் அனுப்பிடுங்க என்று அன்று சாயங்காலமே என்னிடம் கொடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா