துணி சுற்றிய ஸ்பானர்

விஸ்வநத்தம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கப்பா காரும் நல்ல சுகம். துபாயில் நீயும் மருமகளும் பேத்தி ஓவியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் கார் என்று வாயெடுத்தாலே பேரீச்சம்பழத்துக்குப் போடும்மா என்று பேச்சை வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாதல்லவா, முழுசாகப் படி ராசா.

தீபாவளி முடிந்து வெடிக் கம்பெனி அடைத்துக் கிடக்கிறது, எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உங்கப்பா ஆடியில் கண்ணை மூடியதிலிருந்து வேப்பமரத்தடியில் நிற்கிற காரின் மேல் கோழி ஏறிப் படுக்கிறது. பொங்கலுக்கு வரும்போது வண்டி ஓடாவிட்டால் விற்றுவிடுவேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் மகன் நல்லசிவம், கம்பெனி லோடு வேன் ஓட்டுகிறானே, அவனிடம் கேட்டுக் கேட்டு நானே பார்க்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் முன்சீட்டில் மகாராணி மாதிரி போனவளுக்கு என்ன தெரியும்? முதல் நாள் டிக்கியைத் திறந்து வைத்து எஞ்சினைத் தேடினேன். சிரிக்காதே. இப்போது எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டெடுத்து, எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கத் தெரியும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது என்றும் தெரியும். பானட்டைத் திறக்கும் முன் கம்பெனிப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாளித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பேட்டரிதான் என்னை அவமானப்படுத்திவிட்டது. நல்லசிவம் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒயரை ஸ்பானரால் இறுக்குங்க அத்தை என்று சொல்லிவிட்டு லோடுக்குப் போய்விட்டான். இரும்பை இரும்பில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வெடிமருந்து அறையில் பொறி பறந்துவிடும் என்று இரும்புச் சாமானை அண்டவிடாமலே காலத்தை ஓட்டியவள் நான். கையாலேயே திருகி விட்டுவிட்டேன். மறுநாள் அவன் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார, ஆனைக்குட்டம் அணைக்குப் போனோம். சின்னப் பிள்ளையில் அங்கே தண்ணீர் பார்க்கப் போகையில் நீ காராச்சேவு தின்று பின்சீட்டில் கையைத் துடைப்பாயே, அந்தக் கறை அப்படியே இருக்கிறது. திரும்பும்போது நடுரோட்டில் வண்டி பொசுக்கென்று நின்றுவிட்டது. பானட்டைத் திறந்தால் ஒயர் ஆடுகிறது. நல்லசிவம் விழுந்து விழுந்து சிரித்தான். இது வெடியில்ல அத்தை, காரு, இறுக்குனாத்தான் ஓடும் என்றான்.

ஸ்பானர் எடுக்க டிக்கியைத் திறந்தோம். ஸ்டெப்னிக்கு அடியில் உங்கப்பாவின் பை. ஒவ்வொரு ஸ்பானரிலும் பிடியைச் சுற்றித் துணி. என் மாம்பழக் கலர் சுங்குடிச் சேலை. அதைப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டீகளா என்று மனுஷனோடு எம்புட்டு மல்லுக்கு நின்றிருப்பேன், வாயே திறக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், கம்பெனியில் எங்கள் பக்கத்து அறை வெடித்த வருஷம், கரண்டி கீழே விழுந்தால்கூட நான் அலறி வெளியே ஓடுவேன். அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், ஒரு டங் சத்தம் கேட்காது. அவர் கை அவ்வளவு பதம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். ரோட்டோரத்தில் நின்று அழுதுவிட்டேன் மாரிக்கண்ணா. பிறகு அந்த ஸ்பானரை வாங்கி நானே இறுக்கினேன். பயமாக இல்லை. வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

நீயும் அங்கே உன் வண்டியில் எண்ணெய் பார்த்துக்கொள், ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூங்க வைக்காதே. பொங்கலுக்கு மதுரையில் இறங்கியதும் டாக்ஸி பிடிக்காதே, நல்லசிவமும் நானும் காரோடு வருகிறோம். வழியில் நின்றால் நான் இறங்கிப் பார்க்கிறேன், நீ உட்கார்ந்திரு. வீடு வந்து சேர்ந்த பிறகும் விற்க வேண்டும் என்று தோன்றினால் விற்றுக்கொள், தடுக்க மாட்டேன். அந்தப் பையை மட்டும் வண்டியோடு கொடுத்துவிடாதே. மூன்று பேரும் நூறு வருஷம் நல்லா இருங்கள்.

உன் அம்மா,
வள்ளித்தாய்