பொரி தின்ற நாளின் ரிப்போர்ட்

வக்கீலம்மா,

இன்று காலை கம்பெனியில் பூஜை. ஆயுத பூஜை நாளைக்குத்தான். அன்று விடுமுறை என்பதால் நாங்கள் முதல் நாளே போட்டுவிடுவோம். அந்தக் கதை உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்! கற்பூரப் புகைக்கு நடுவில் பொரிப் பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இன்னாக்கா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்று பக்கத்தில் கேட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் இதில் பாதியை எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் ரயிலேறிப் பட்டாபிராமில் உங்கள் ஆபீசுக்கு வருவேன். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு வரும் முதல் பூஜை இது. முழுப் பொட்டலமும் எனக்கே. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் தடவை வந்தபோது நான் சிரிக்கிற நிலையிலா இருந்தேன்? பஸ்ஸுக்குப் போகும் பிரேக் குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதிப்பதுதான் என் வேலை. சோதனை மெஷின் பழுதாகி வாரக்கணக்கில் கிடந்தது. ஆனாலும் எல்லாக் குழாயும் பாஸ் என்று, என் பெயரிலேயே ரிப்போர்ட் போய்க்கொண்டிருந்தது. அதே பஸ்ஸில்தானே என் பிள்ளைகளும் போகிறார்கள்! குழாயை வாங்கும் கம்பெனிக்கு உண்மையைக் கடிதமாக எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். பொய் சொல்லி கம்பெனியின் பெயரைக் கெடுத்தேனாம். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், 'பொய்க்காரி' என்று எழுதி அனுப்புவார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என்னைவிட எட்டு வயது சின்னவர் நீங்கள். கடிதத்தைப் படித்துவிட்டு, "அடையாளம் வெளியே தெரியாம புகார் குடுக்க வழி இருக்குதுக்கா. ஒரு வார்த்தை முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம்ல?" என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். பிறகு, "சரி, பேரு போட்டு எழுதிட்டீங்க. இனிமே அந்தப் பேரைக் காப்பாத்துறது என் வேலை" என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே ரயில் தடதடவென்று போனதால் அதை இரண்டு முறை சொல்லவேண்டி வந்தது. இரண்டு முறையும் கேட்க நன்றாக இருந்தது.

அடுத்து நீங்கள் செய்த காரியத்தைப் பார்த்து, தப்பான வக்கீலிடம் வந்துவிட்டோமோ என்று பயந்தேன். சோதனை நடந்ததற்கு ஆதாரமாகக் கம்பெனி காட்டிய பதினாலு ரிப்போர்ட்டின் தேதிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி என் முன்னால் தள்ளினீர்கள். "ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல அன்னைக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க" என்றீர்கள்.

"வேலையே போகப்போவுது, நீங்க சாப்பாட்டைக் கேக்கறீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"நடந்ததைக் கேட்டா எல்லாரும் யோசிச்சு யோசிச்சு சொல்லுவாங்க. சாப்பாட்டைக் கேட்டா அந்த நாளே எழுந்து வரும்க்கா. எழுதுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். புளிசாதம். தக்காளிசாதம். வீட்டுக்காரரோடு சண்டை, அதனால் கேண்டீன் சாம்பார். ஒன்பதாவது தேதிக்குப் பக்கத்தில் பொரி, பொட்டுக்கடலை, ஒரு துண்டு ஆப்பிள். அங்கே உங்கள் விரல் நின்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பொரியா என்று கேட்டீர்கள். அன்றைக்குக் கம்பெனியில் பூஜை, கேண்டீன் மூடியிருந்தது, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டாகிவிட்டது, விடுமுறை முடிந்து மாலையைக் கழற்றுகிறவரை யாரும் சுவிட்சைக்கூடத் தொடமாட்டோம் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் மேசையைத் தட்டி எழுந்தீர்கள். அந்த ரிப்போர்ட்டில் அன்று மதியம் மூன்று மணிக்கு இருநூறு குழாய் சோதித்ததாக இருந்தது! காலண்டரில் அது வேலை நாள்தான். ஆபீசில் உட்கார்ந்து அடித்தவனுக்குப் பூஜை ஞாபகம் வரவில்லை. "அக்கா, மாட்டிகினாங்க!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

உள்விசாரணைக்கு வெளி வக்கீல் வரக்கூடாது, கூட வேலை செய்கிறவர்தான் வரலாம் என்றார்கள். யாரும் வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தேசிங்கு அண்ணன் மட்டும், "நான் கீறேன்மா" என்றார். அவருக்கு நீங்கள் கேள்விகளை அழகாக எழுதிக் கொடுத்து, கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்தீர்கள். உள்ளே போன பிறகுதான் அண்ணன் என் காதில் சொன்னார்: "கண்ணாடிய நெமிலிச்சேரி ஊட்லயே வுட்டுட்டேன்." எனக்கு உயிரே போய்விட்டது. விசாரணை அதிகாரி முன்னால் சாட்சியாக வந்து நின்றவர் எங்கள் சூப்பர்வைசர் ஏழுமலை சார். ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்தும் உண்டு. அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"சார், அன்னைக்கு பூஜைல நீங்க பொரி துன்னீங்களா, இல்லியா?"

"பூஜை போட்டதே நான்தான்யா!" சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "காலைல பத்து மணிக்கு என் கையாலதான் மெஷினுக்கு மாலை போட்டேன்."

"அப்பால மூணு மணிக்கு அத்த ஓட்னது யாரு?"

"மாலை போட்ட மெஷினை எவனாவது ஓட்டுவானா? இன்னா பேச்சு பேசுற நீ!"

நான் எடுத்துக் கொடுத்த ஒன்பதாவது ரிப்போர்ட்டை அண்ணன் அதிகாரி பக்கம் நகர்த்தினார். சாரின் முகம் போன போக்கை வெளியே ஓடிவந்து சொன்னபோது, நீங்கள் பன் பட்டரோடு என்னைக் கட்டிக்கொண்டீர்கள். அந்த வெண்ணெய்க் கறை என் புடவையில் இன்னும் இருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். போன குழாய்களெல்லாம் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் நானே சோதித்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் உங்களுக்குக் குறும்பு போகவில்லை. "இங்க தினமும் கஞ்சிதான்க்கா, தேதி போட்டு எழுதிக்கோங்க" என்று கண்ணடித்தீர்கள். வெளியே வந்து சிரித்துக்கொண்டே அழுதேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பூஜை முடிந்ததும் ஏழுமலை சார் என்னைத் தேடி வந்தார். போன மாதம் ஒரு பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். அவருக்கே மெமோ வந்துவிட்டது. "அன்னைக்கு உனக்கு எதிரா நின்னவன் நான். விசாரணைக்கு என்கூட வான்னு கேக்க மூஞ்சி இல்ல" என்றார். ஒரு கைப்பிடி பொரியை மென்று முடிக்கிறவரை அவரை நிற்கவைத்தேன். அந்த அளவுக்காவது எனக்குக் கோபம் இருக்காதா? பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க சார். அந்த ரிப்போர்ட் தேதில மதியம் இன்னா சாப்ட்டீங்க?"

"வேலையே போவப்போவுது, நீ சாப்பாட்டக் கேக்கறியே!"

சிரித்தேன் வக்கீலம்மா. மேசையைத் தட்டி, உங்கள் சிரிப்பையே சிரித்தேன். பொரியில் பாதியை ஒரு தாளில் கொட்டி அவரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே யோசித்தார்.

"எலுமிச்சம் சாதம்" என்றார்.

தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.