செவ்வாய் காலை பத்து மணி

ஜூலை 9, புதன்

என் சிட்டு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்கும் தெரியும். போனில் எழுதத்தான் பழக்கினாய். ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு வரி முடிப்பதற்குள் சொல்ல வந்தது ஓடிப்போகிறது. அதனால் பேப்பர்தான். ஐந்தாவதோடு நின்றவளின் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

அப்பா தேவலை. இடது கையைத் தோள் வரைக்கும் தூக்குகிறார். பயிற்சி கொடுக்கிற பெண் வருகிற நாள், மாத்திரை வாங்குகிற நாள், முடி வெட்டுகிற நாள் எல்லாம் நீ போட்டு வைத்தபடியே மணி அடிக்கிறது. அந்தந்த ஆள் எழுந்து போகிறோம். நீ போனதும் நம் இரண்டு வீடும் கவிழ்ந்துவிடும் என்று பயந்தேன். கவிழவில்லையடி.

அன்றைக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நீ கூட்டிப்போவாய் என்று நான் இருக்க, நான் போவேன் என்று நீ இருக்க, அவர் சட்டை மாட்டிச் செருப்பும் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாரே. அதற்கப்புறம்தானே எல்லார் போனையும் பிடுங்கி இந்தக் கேலண்டரைப் போட்டாய். ஆளுக்கு ஒரு நிறம். "ஆள் பேர் இல்லாத வேலை இனிமே நம்ம வீட்ல கிடையாது" என்றாய். எனக்கு அப்படி ஒரு தலை ஏழு பிறவி எடுத்தாலும் வராது. நான் கட்டிக்கொண்ட மனுஷன், உன் மாமா, என்ன கிண்டல் பண்ணினார்! "நான் பல்லு தேய்க்கிறதையும் போட்டுடும்மா, மறந்து தொலைச்சிடுவேன்." நீயும் விடாமல் போட்டாய். காலையில் மணி அடித்ததும் பிரஷ்ஷோடு முழித்துக்கொண்டு நின்றார். இப்போது அதே மனுஷன், குழாய் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்களிடம், "இருங்க, கேலண்டர்ல போட்டுக்கறேன். போடலைன்னா நான் வரமாட்டேன், தண்ணிதான் வரும்" என்கிறார்.

ஒரு கூத்து நடந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன்னை எடுக்கிற அன்றைக்கு, யார் வண்டி, யார் அப்பாவோடு இருப்பது என்று ஆளாளுக்கு அலறினார்கள். நீயாக இருந்தால் முதலில் போனைத்தான் எடுப்பாய். நானும் எடுத்தேன். "சிட்டுவை எடுக்கிறது, செவ்வாய் காலை பத்து" என்று போட்டேன். எனக்கு நீ சொல்லிக்கொடுத்தது குப்பை வண்டி வருகிற நாளை வைத்துத்தானே? அதே பொத்தான்களை அதே மாதிரி அழுத்தினேன். கடைசியில் வாராவாரம் என்பதையும் சேர்த்து.

அடுத்த செவ்வாய் ஓட்டல் சலவை அறையில் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். உன் மாமா யார் வீட்டுத் தொட்டிக்கு அடியிலோ மல்லாந்து கிடந்தாராம், அங்கேயும் அடித்திருக்கிறது. என் மகளுக்கு வகுப்பில். உன் வீட்டுக்காரருக்கு பேக்கரியில், அடுப்பு முன்னால்.

நேற்றும் அடித்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆளுக்கு ஆள் போன் போட்டோம். "சாப்பிட்டியா?" "நீ?" அவ்வளவுதான். அதுவே எனக்கு வாரம் முழுக்கத் தாங்குகிறது.

உன் அக்கா


ஜூலை 20, ஞாயிறு

சிட்டுக் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை குளியல் உன் வீட்டுக்காரர் நிறத்தில்தானே இருக்கிறது, இன்றைக்கும் வந்தார். அப்பாவை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு வெந்நீருக்கு அடுப்படிக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க மாப்பிள்ளை."

"அந்தச் செவ்வாக்கிழமையை எடுத்துடுங்களேன். நீங்க போட்டதாம், நீங்கதான் எடுக்கணுமாம். வாராவாரம் அவளைத் தூக்கிட்டுப் போறேன்க்கா. தோள் தாங்கல."

வெந்நீர் வாளியை அவர் கையில் கொடுத்தேன். உள்ளேயிருந்து அப்பா, "மாப்ள, நான் இங்க காஞ்சு போயிட்டேன்" என்று கத்தினார். அவர் ஓடினார்.

என் பயம் உனக்குப் புரியும். உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவருடைய அண்ணன் வெளியூரில் கடை வைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிடுகிறார். இந்த மணியும் நின்றுவிட்டால் அவருக்கு நாங்கள் யார்? அப்பாவைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று சொல்லவில்லையடி. உன்னைப் பற்றிப் பேச எனக்கு மிச்சம் இருக்கிறது அவர்தான்.

உன் மாமாவிடம் சொன்னேன். "அவரு கேட்டப்புறம் என்ன யோசனை? உன் ஆறுதலுக்கு அவரைப் போட்டு வதைப்பியா?" என்றார்.

என் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். இதை மட்டுமா, இதையும் இனி வருவதையுமா, எல்லாவற்றையுமா என்று கேட்டது. எல்லாவற்றையும் அழுத்தினால் அந்த முதல் செவ்வாயே இல்லாமல் போய்விடாதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. விரல் அங்கேயே நின்றது. "அம்மா, நடுவுல இருக்கறது" என்றாள். நடுவில் இருந்ததையே அழுத்தினேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிட்டு,

மணி நின்ற பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. அண்ணன் கடையைப் பார்க்கப் போயிருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்பினார். குளியல் உன் மாமா தலையில் விழுந்தது. சரி, கைவிட்டுப் போய்விட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இன்றைக்குப் பத்து மணி. இஸ்திரிப் பெட்டி தானாக நின்றது. மணி இல்லை, ஆனால் போன் வந்தது. அவர்தான்.

"அக்கா, மணி அடிக்கலையே?"

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன்தான். பத்தானா கை தானா பையைத் தடவுது. போனையே பார்த்துட்டு நின்னதுல ஒரு தட்டு ரொட்டி கரி. முதலாளி என்னை அடுப்புல வெக்கலாமான்னு பாக்கறாரு."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நீ போனதற்கப்புறம் அவர் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

"அந்த மணி வேணும்க்கா. எடுக்கறதுன்னு மட்டும் வேண்டாம். எல்லாரும் பேசறதுன்னு போடுங்க."

"அண்ணன் கடை?"

"அதை அண்ணனே பாத்துக்குவாரு. சகலை முதுகு தேச்சா தோல் உரியுதுன்னு அப்பா எனக்குப் போன் பண்ணி அழறாரு."

வீட்டுக்கு வந்ததும் யாரையும் கூப்பிடாமல் நானே உட்கார்ந்தேன். "சிட்டு பேச்சு, செவ்வாய் காலை பத்து." எல்லார் பேரும் சேர்த்தேன். வாராவாரம் என்பதைத் தெரிந்தே அழுத்தினேன். நீ பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாய். நீ வளர்த்த வீடடி இது.

அதற்குக் கீழே இன்னொன்று கேட்கிறது. முன்னாடி என் கண்ணில் படவே இல்லை. இது எந்தத் தேதியோடு முடிய வேண்டுமாம். கட்டம் காலியாக இருக்கிறது, நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நான் என்ன போடட்டும், சிட்டு?